பெர்த் பக்கம் ஒயின் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒயின் வட்டாரமான மார்கரெட் ரிவருக்கு நாங்கள் முதல் முறை போனது ஜூன் மாதம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, மச்சானுக்கும் விடுப்பு கிடைத்தது, டிக்கெட்டும் மலிவு. பெர்த்திலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டிப் போய் நிறுத்தினால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கம்பியில் கட்டிய காய்ந்த குச்சிகள். இலை இல்லை, காய் இல்லை. அத்தை காரைவிட்டு இறங்காமலே கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, இந்த விறகைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

சிங்கப்பூரில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருந்து பழகிவிட்ட நமக்குப் பருவம் என்றால் மழை, கூடுதல் மழை, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் ஜூன் என்பது நடுக்குளிர்காலம். கொடிகள் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும், ஆட்கள் கவாத்து செய்துகொண்டிருப்பார்கள். டிசம்பர் விடுமுறையில் போனால் தோட்டம் பச்சைப்பசேலென்று இருக்கும். ஆனால் காய் சுண்டைக்காய் அளவில், கல் மாதிரி. பழுத்த குலையும் அறுவடையும் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான். நம் மார்ச் மாத ஒரு வாரப் பள்ளி விடுமுறை இதற்கென்றே வைத்ததுபோல் நடுவில் வந்து விழுகிறது. அதற்காக ஜூன் வீண் என்று சொல்ல மாட்டேன். கூட்டம் இருக்காது, கணப்பு எரியும், ஊற்றித் தருபவருக்கு நம்மோடு பேச நேரம் இருக்கும், தெற்கே அகஸ்டா கடற்கரையில் திமிங்கிலம்கூடப் பார்க்கலாம். திராட்சையை எதிர்பார்த்துப் போவதுதான் தப்பு.

அப்போதிருந்து மூன்று முறை போய்விட்டோம். ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாததால் கெட்டுப்போன நாள் என்று எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லித் தரத்தான் மேசைக்குப் பின்னால் ஆள் நிற்கிறார். காலண்டர், கடிகாரம், வயிறு, மூக்கு, பெட்டி, இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றுதான் ஒவ்வொரு முறையும் காலை வாரியது.

மூன்று போதும்

சாங்கி விமான நிலையத்திலிருந்து பெர்த்துக்கு ஐந்து மணி நேரம் பறந்தால் போதும், நேர வித்தியாசமும் கிடையாது. அதனாலேயே 'பக்கத்து ஊர்தானே' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பெர்த்தில் அறை எடுத்துக்கொண்டு, மார்கரெட் ரிவருக்குக் காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வழியே சுமார் 270 கிலோமீட்டர். ஆறு மணி நேரம் சாலையில் போய்விடும். சுவை பார்க்கும் கூடங்கள் பெரும்பாலும் காலை பத்து, பத்தரைக்குத் திறந்து மாலை நாலரை, ஐந்துக்கெல்லாம் மூடிவிடுகின்றன. அந்தி நேரத்தில் சாலையில் கங்காருக்கள் குதித்து வரும் என்பதால் இருட்டில் ஓட்டுவதும் நல்லதல்ல. ஆகவே அங்கே இரண்டு இரவாவது தங்க வேண்டும். நேரம் இல்லாதவர்கள் ஸ்வான் வேலி என்ற இன்னொரு ஒயின் வட்டாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பெர்த் நகரிலிருந்து அரை மணி நேரம்தான். அங்கே 1830-களிலேயே கொடி நட்டுவிட்டார்கள். மார்கரெட் ரிவர் அதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த குழந்தை.

அடுத்தது நம் கியாசு புத்தி, எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பதற்றம். வந்ததே வந்தோம், ஒரே நாளில் ஆறு இடம் பார்த்துவிடலாம் என்று வரைபடத்தில் புள்ளி வைப்பது. முதல் பயணத்தில் நானும் வைத்தேன். நான்காவது இடத்துக்குப் போகும்போது நாக்கு மரத்துவிட்டது. ஐந்தாவதில் பிள்ளைகள் அழுதார்கள். ஆறாவது மூடியிருந்தது. இப்போதெல்லாம் காலையில் ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று, பிற்பகலில் ஒன்று, அவ்வளவுதான். நிதானமாக நின்றால்தான் கதை கிடைக்கும். மார்கரெட் ரிவர் வட்டாரம் முன்பு முழுக்க மாட்டுப் பண்ணையாகவும் காடாகவும் இருந்தது. ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிஞர் 1960-களின் நடுவில் மண்ணையும் மழையையும் ஆராய்ந்து, இங்கே நல்ல ஒயின் திராட்சை விளையும் என்று எழுதினார். அதைப் பின்பற்றி 1967-ல் டாம் கல்லிட்டி என்ற இதய மருத்துவர் வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தை நட்டார். அடுத்தடுத்து வந்த மாஸ் வுட், கல்லன் தோட்டங்களையும் மருத்துவர்கள்தான் தொடங்கினார்கள். பழத்தைக் கொத்தும் சிறு பறவைகளை விரட்ட கல்லிட்டி ஒரு வல்லூறைப் பழக்கினாராம். முதல் முறை அவிழ்த்துவிட்டதுமே அது பறந்து போய்விட்டது, திரும்பவே இல்லை. அந்தப் பறவைதான் இன்றும் அவர்கள் சின்னம். இதெல்லாம் ஓடிக்கொண்டே கேட்கிற கதையா?

இன்னொன்று: பத்துப் பேர் கொண்ட குடும்பமாகப் போகிறவர்கள் முன்பதிவு செய்யாமல் போய் நிற்பது. அப்புறம் "எங்களை மதிக்கவில்லை" என்று வருத்தப்படுவது. ஒரு மேசைக்கு ஒருவர்தான் ஊற்றுவார், அவருக்கும் இரண்டே கைதான்.

படிக்கம்

என் தாத்தா வெற்றிலை போடுவார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பித்தளைப் படிக்கம் ஒன்று எப்போதும் இருக்கும். ஒயின் கூடத்து மேசையில் இருக்கும் அந்த எவர்சில்வர் குவளையும் அதே படிக்கம்தான். ஆனால் நம்மவர்கள் அதைத் தொடுவதில்லை. காசு கொடுத்ததைத் துப்புவதா என்ற எண்ணம், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். உண்மையில் அந்தத் தொழிலில் இருப்பவர்கள்தான் கூச்சமே இல்லாமல் துப்புகிறவர்கள். வாயில் வைத்து, சுற்றி, கொஞ்சம் காற்றை இழுத்து, துப்பிவிட்டு எழுதிக்கொள்வார்கள். பிடித்தால் மட்டும் ஒரு வாய் விழுங்குவார்கள். கிண்ணத்தில் மிச்சம் இருப்பதையும் அதில் கவிழ்த்துவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

துப்பாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்கு. ஒரு சுற்றுக்கு ஊற்றுவது சுமார் 30 மில்லி. ஒயினில் மதுசாரம் 13.5 விழுக்காடு என்றால், அந்த ஒரு மடக்கில் 3 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஆஸ்திரேலியக் கணக்கில் ஓர் 'அளவு' என்பது 10 கிராம். அதாவது மூன்று மடக்கு ஓர் அளவு. ஓரிடத்தில் ஆறு வகை ஊற்றுவார்கள், அது இரண்டு அளவு. இரண்டு இடம் முடிந்தால் நாலு. "நான் குடிக்கவே இல்லை, டேஸ்ட்தான் பண்ணினேன்" என்று மச்சான் சொன்னது நாலு அளவுக்கு அப்புறம்.

இங்கேதான் பெரிய தவறு. சிங்கப்பூரில் ஓட்டுநருக்கான வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம். அங்கே 50 தான். நம் ஊர்க் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று சாவியை எடுக்கிறவர் மாட்டிக்கொள்வார். போலீஸ் காரணமே இல்லாமல் நிறுத்தி ஊதச் சொல்லலாம். ஓட்டுகிறவர் அன்று தொடக்கூடாது என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். யாருக்கும் அதில் விருப்பம் இல்லையென்றால் வேன் சுற்றுலாவில் சேர்ந்துவிடுங்கள். கைப்பேசியைத் தட்டினால் நாலு நிமிடத்தில் வண்டி வந்து நிற்கும் ஊர் அல்ல அது.

வயிறு காலியாகப் போகாதீர்கள். சரி, அது சொல்லத் தேவையில்லை.

மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்கரெட் ரிவர் தோட்டங்களுக்குப் போகும் கேவ்ஸ் ரோடு வளைந்து வளைந்து போகும். இரண்டாவது பயணத்தில் அத்தைக்குத் தலை சுற்றியது. கைப்பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து நெற்றியிலும் மூக்கடியிலும் தாராளமாகத் தடவிக்கொண்டார்; பாசத்தோடு எனக்கும் ஒரு தடவு. அப்படியே இறங்கிப் போய் மேசை முன் நின்றோம். ஊற்றித் தந்த பெண் சிரித்த முகமாகவே எங்களை வாசல் பக்கத்து மேசைக்கு நகர்த்தினார். எனக்கு அன்று வெள்ளை ஒயினான சார்டனேயும் சிவப்பு ஒயினான கேபர்னேயும் ஒரே வாசம்: கற்பூரம், புதினா. ஒயினில் பாதி மணம்தான், அதனால் அத்தர், வாசனைத் தைலம், தலை நிறைய மல்லிகைப்பூ எல்லாவற்றையும் அன்று ஒருநாள் ஒதுக்கி வையுங்கள். நமக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் கெட்டுப்போகும்.

படம் எடுக்கிறேன் என்று கொடி வரிசைக்குள் நுழைவதும் வேண்டாம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஃபைலாக்சரா என்று அசுவினி மாதிரி ஒரு சின்னப் பூச்சி உண்டு. வேரை உறிஞ்சிக் கொடியையே சாகடித்துவிடும். 1877-ல் விக்டோரியாவில் ஜீலாங் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள்; மெல்பர்ன் அருகே உள்ள யாரா வேலிக்கும் 2006-ல் வந்துவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது இன்னும் வரவில்லை. செருப்பில் ஒட்டிய மண்ணிலேயே பயணம் செய்யக்கூடியது என்பதால் தோட்டக்காரர்களுக்கு அந்தப் பயம். மெல்பர்ன் தோட்டத்தில் நடந்த அதே காலணியோடு இங்கே வந்து கொடிக்குள் இறங்கினால் அவர்கள் கத்துவதில் நியாயம் இருக்கிறது.

சைவக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். திராட்சைச் சாறுதானே, சைவம்தான் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பாலிலிருந்து எடுக்கும் கேசின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை, ஜெலட்டின் இவற்றில் ஒன்றைச் சேர்ப்பது பழைய வழக்கம். பிறகு வடித்துவிடுவார்கள், ஆனாலும் விரதக்காரர்களுக்கு மனசு ஒப்பாது. முட்டையோ பாலோ சேர்ந்திருந்தால் ஆஸ்திரேலிய லேபிளில் போட வேண்டும். மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே லேபிளை மட்டும் நம்பாமல் "வீகனா?" என்று வாய் திறந்து கேளுங்கள். களிமண் வகையால் தெளிய வைப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். சாப்பாட்டுக்கும் இதேதான், முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். அதற்குப் பயந்து வீட்டிலிருந்து கறிவேப்பிலையும் பழமும் தேனும் கட்டிக்கொண்டு போனால் விமான நிலையத்திலேயே பறிபோகும். எந்தச் சாப்பாட்டுப் பொருள் இருந்தாலும் ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது நிரப்பும் அட்டையில் 'ஆம்' என்று போடுவதுதான் நல்லது. மறைத்தால் அபராதம்.

சாங்கியில் கணக்கு

ஊருக்குத் திரும்பும்போது பாட்டில் விஷயத்தில் இரண்டு வகை ஆட்கள். ஒருவர் வரிக்குப் பயந்து ஒன்றுகூட வாங்க மாட்டார். இன்னொருவர் பன்னிரண்டு வாங்கிவிட்டு, சுங்கத்தில் வரி கட்ட ஒன்றும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு நடப்பார்.

சிங்கப்பூர்ச் சுங்கத்துறை விதி இதுதான்: 18 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 48 மணி நேரம் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வந்திருக்கக் கூடாது. அப்படியென்றால் ஆளுக்கு மொத்தம் 2 லிட்டர் வரியில்லை. முழுக்க ஒயினாகவே வைத்துக்கொண்டால் 750 மில்லி பாட்டில் இரண்டு, ஒன்றரை லிட்டர். நாலு பெரியவர்களுக்கு எட்டு பாட்டில், போதாதா? ஆனால் சாங்கியில் இறங்கியதும் ஒரு லிட்டர் விஸ்கியை வழக்கம்போல் எடுத்துவிட்டால் ஒயினுக்கு மிச்சம் ஒரு லிட்டர்தான். இரண்டாவது பாட்டில் வரம்பை மீறிவிடும். மச்சான் இதில் சிக்கினார்.

அப்படி மீறினாலும் உலகம் முடிந்துவிடாது. ஒயினுக்கு வரி ஒரு லிட்டர் மதுசாரத்துக்கு 88 வெள்ளி. 14 விழுக்காடு உள்ள ஒரு பாட்டிலுக்குக் கணக்குப் போட்டால் 9 வெள்ளி 24 காசு, அப்புறம் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் இரண்டு பேர் சாப்பிடும் காசு. வரி கட்டுகிறவர்களுக்கான சிவப்பு வழியில் போய்க் கட்டிவிட்டு வரலாம், அல்லது முன்கூட்டியே இணையத்தில் கட்டலாம்.

இதைவிட அதிகப் பணத்தை நம்மவர்கள் பெர்த் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். ஒரே கடையில் 300 ஆஸ்திரேலிய வெள்ளிக்கோ அதற்கு மேலோ வாங்கி, 60 நாளுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்பினால் ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவார்கள். ஒயினுக்கு அதோடு விலையில் 14.5 விழுக்காடு தனி வரியும் திரும்ப வரும். 330 வெள்ளிக்கு வாங்கினால் கிட்டத்தட்ட 78 வெள்ளி கைக்கு வரும். ஆனால் பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்னால் பாட்டிலை எல்லைப்படை அதிகாரியிடம் காட்ட வேண்டும். கைப்பையில் திரவம் போகாது, போட்ட பெட்டியும் திரும்பி வராது. நான் ஒருமுறை ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு நின்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்: பாட்டில் எங்கே? அது அந்நேரம் விமானத்தின் வயிற்றில்.

கடைசியாக வீட்டில். எங்கும் கிடைக்கும் பெரிய தோட்டத்துப் பாட்டிலைச் சுமக்காதீர்கள். அங்கே மட்டும் விற்கிற சின்ன ஆளுடையதை வாங்குங்கள். வாங்கிய கேபர்னேயைக் காரமான ஆட்டுக்கறி வறுவலோடு திறந்தால் துவர்ப்பும் மதுசாரமும் சேர்ந்து காரத்தை இரண்டு மடங்காக்கும். கொஞ்சம் இனிப்புள்ள வெள்ளை ஒயின் அதற்குத் தேவலை. நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் முப்பது டிகிரி வெயிலில் மாதக்கணக்கில் வைத்தால் எந்த ஒயினும் வெந்துபோகும். குளிர்பதனப் பெட்டிக்குள் படுக்க வைத்து, சீக்கிரம் குடித்துவிடுவது மேல். மச்சான் வீட்டில் அந்த இரண்டாவது பாட்டில், வரி கட்டிக் கொண்டுவந்தது, குளிர்பதனப் பெட்டிக்கு மேலே, இஞ்சின் சூடு அடிக்கிற இடத்தில், பிளாஸ்டிக் பூங்கொத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. தீபாவளிக்குத் திறப்பாராம். எந்தத் தீபாவளிக்கு என்று சொல்லவில்லை.