கிங் கவுண்டி எந்த கிங்குடையது? பேர்க்கதையில் பலரும் செய்யும் தவறுகள்

சியாட்டில் பக்கம் வேலைக்குப் போன நம்மாட்களுக்கு மெட்ரோ பஸ்ஸில் இருக்கும் மார்ட்டின் லூதர் கிங் முகம் பழகிப்போன ஒன்று. அமேசான் இருக்கும் சியாட்டில், மைக்ரோசாஃப்ட் இருக்கும் ரெட்மண்ட், பக்கத்து பெல்வியூ எல்லாமே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் கிங் கவுண்டிக்குள்தான் வருகின்றன (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). அதனால் இந்தக் கவுண்டிக்கு ஆரம்பத்திலேயே அவர் பேரைத்தான் வைத்தார்கள் என்று முடிவு கட்டி, ஊர் அறிமுகம் எழுதும்போது அப்படியே எழுதியும் விடுகிறார்கள். அவர் பிறந்ததே 1929-இல். கவுண்டி உருவானது 1852 டிசம்பர் 22.

அப்போது இருந்த கிங் வேறு ஆள். வில்லியம் ரூஃபஸ் கிங், அலபாமா செனட்டர், அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தியவர். 1852 நவம்பர் தேர்தலில் ஃபிராங்க்ளின் பியர்ஸ் அதிபராகவும் இவர் துணை அதிபராகவும் ஜெயித்தார்கள். அடுத்த மாதமே தர்ஸ்டன் கவுண்டியிலிருந்து பிரித்து அடுத்தடுத்து இரண்டு கவுண்டிகள், ஒன்றுக்குப் பியர்ஸ், இன்னொன்றுக்குக் கிங் என்று பேர். டகோமா இருக்கும் பியர்ஸ் கவுண்டியை மேப்பில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் குழப்பமே வராது, ஆனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் இன்னொரு சறுக்கல், வாஷிங்டன் மாநில அரசு பேர் வைத்தது என்று எழுதுவது. 1852-இல் வாஷிங்டன் என்று ஒரு டெரிட்டரிகூட, அதாவது இன்னும் மாநிலமாகாத பிரதேசம்கூடக் கிடையாது. அது 1853 மார்ச்சில் வந்தது, மாநிலமானது 1889-இல். பேர் வைத்தது ஓரிகன் டெரிட்டரியின் சட்டசபை.

வில்லியம் கிங்கைத் 'துணை அதிபராக இருந்து பணியாற்றியவர்' என்று எழுதுவதும் சரியில்லை. பதவிக்கு வந்தார், வேலை பார்க்கவில்லை. காசநோய் முற்றி, தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளும் என்று கியூபாவுக்குப் போயிருந்தார். அங்கேயே பதவியேற்க அமெரிக்க காங்கிரஸ் தனியாகச் சட்டம் போட்டது. 1853 மார்ச் 24 அன்று, தானாக எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாத நிலையில் உறுதிமொழி எடுத்தார். ஊர் திரும்பி, ஏப்ரல் 18 அன்று தன் தோட்ட வீட்டில் இறந்துபோனார். பதவிக்காலம் தொடங்கிய மார்ச் 4-லிருந்து கணக்குப் போட்டாலும் மொத்தமே 45 நாள் பதவி.

அப்புறம் 1986. இங்கேதான் தேதி போட்டு எழுதுபவர்களும் வழுக்குகிறார்கள். அந்த வருடம் பிப்ரவரியில் கவுண்டி கவுன்சில் 5-4 ஓட்டில், இனி இந்தப் பேர் மார்ட்டின் லூதர் கிங்கைக் குறிக்கும் என்று தீர்மானம் போட்டது. பழைய கிங் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் அந்தத் தீர்மானமே சொன்னது. சரி, முடிந்ததா? இல்லை. கவுண்டிகளை உருவாக்கியது மேலே இருக்கும் சட்டசபை, எது யார் பேரில் என்பதும் மாநிலச் சட்டத்தில்தான் நிற்கும். நம்மூரில் நகராட்சி தீர்மானம் போட்டால் மட்டும் மாவட்டத்தின் பேர் மாறிவிடாது அல்லவா, அதே கதைதான். மாநிலச் சட்டசபை மசோதாவை நிறைவேற்றி, கவர்னர் கிறிஸ்டின் கிரெகோயர் கையெழுத்துப் போட 2005 ஏப்ரல் 19 ஆகிவிட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்தது அந்த ஜூலையில். 19 வருட இடைவெளி. ஆகவே '1986-இல் அதிகாரபூர்வமாக மாறியது' என்று எழுதினால் அது பாதிதான் சரி.

லோகோவும் இதே மாதிரி தனியாகப் பார்க்க வேண்டியது. பஸ்ஸில் இருக்கும் முகம் 1986-இல் வந்ததில்லை. பல வருடம் கிரீடம்தான் லோகோ. வில்லியம் கிங்கும் ராஜா இல்லை, மார்ட்டின் லூதர் கிங்கும் ராஜா இல்லை, ஆனாலும் கிரீடம்! அதைப் பார்த்து இங்கிலாந்து மன்னர் யாரோ என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. முகம் வந்தது 2007-இல்.

இதில் எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கம், பழைய கிங்கை முழுசாக விழுங்கிவிட்டு 2005-லிருந்து கதையை ஆரம்பிப்பது. அவரை விட்டுவிட்டால், எதற்காக மாற்றினார்கள் என்பதே புரியாது. அலபாமாவில் செல்மா என்ற ஊரை உருவாக்கியவர்களில் ஒருவர் வில்லியம் கிங், ஊருக்குப் பேர் வைத்தவரும் அவரே. 1965-இல் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் போராட்டம் நடத்தி, மாண்ட்கமரி வரை ஊர்வலம் போனது அதே செல்மாவிலிருந்து.

கடைசியாக, பேரில் கிங் இருப்பதையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். புரூக்ளின் இருக்கும் கிங்ஸ் கவுண்டி இரண்டாம் சார்லஸ் மன்னருக்காக 1683-இல் வைத்த பேர். கலிஃபோர்னியாவின் கிங்ஸ் கவுண்டி கிங்ஸ் ஆற்றின் பேரில் வந்தது. டெக்சாஸிலும் ஒரு கிங் கவுண்டி உண்டு, அந்த கிங், டெக்சாஸ் விடுதலைப் போரில் நடந்த அலமோ சண்டையில் செத்த ஓர் இளைஞன்.