மின்னூல் வாசிப்பவர்களுக்கு ஒரு புத்தகக் கடைக்காரரின் குறிப்பு

மட்டக்களப்பில் புத்தகம் விற்கும் எனக்கு மின்னூல் எதிரியன்று. அச்சில் இல்லாத நூலைத் தேடிக் கல்முனையிலிருந்து பஸ் ஏறி வருகிறவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. அவருக்கு இணையத்தைத்தான் காட்டுகிறேன். ஈழத்து நூல்கள், பழைய சஞ்சிகைகள் என்றால் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம். பழந்தமிழ் இலக்கியம் என்றால் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம். இரண்டும் இலவசம். பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலேயே பெறலாம்.

பலர் தடுமாறுவது இங்கேதான். நூலகம் திட்டத்தின் தளத்தில் கிடைக்கும் பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கப்பட்டவை. எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பக்கமே விரிந்து வரியின் பாதி திரைக்கு வெளியே ஓடிவிடும். கைப்பேசியைக் குறுக்காகத் திருப்புங்கள், வரி முழுதாகத் தெரியும். மதுரைத் திட்டத்து நூல்கள் தட்டச்சு செய்யப்பட்டவை. ஒருங்குறி (யூனிகோட்) பதிப்பைத் திறந்து ‘யாழ்’ என்று தேடினால், அச்சொல் வரும் இடமெல்லாம் நொடியில் அகப்படும். காரைதீவில் பிறந்து யாழை ஆராய்ந்த விபுலாநந்த அடிகளுக்குக் கிட்டாத வசதி இது!

ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: வைஃபை உள்ள இடத்தில் நூலை முழுதாகத் தரவிறக்கிவிடுங்கள். பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கட்டும். பிடித்த பகுதியின் பக்க எண்ணை அதில் குறியுங்கள். கைப்பேசி மாறினாலும் குறிப்பு உங்களிடமே இருக்கும்.