நெல்லைச் சீமைக் கோயில்களைக் காலம் அறிந்து பார்க்கும் முறை

திருநெல்வேலிச் சீமையில் பழைய கோயில் ஒன்றுக்குள் நுழைந்து, இதைக் கட்டியவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே ஓர் அரசனின் பெயர் விடையாகக் கிடைக்கும். அந்த விடை பாதிதான் சரி. கருவறை ஒரு நூற்றாண்டிலும், அதன் முன்னுள்ள மண்டபம் இன்னொரு நூற்றாண்டிலும், வெளிப்பிராகாரமும் கோபுரமும் அதற்கும் வெகுகாலம் கழித்தும் எழுந்திருக்க, கோபுரத்துச் சுதை உருவங்களின் வண்ணம் கடைசியாக நடந்த குடமுழுக்கின்போது பூசப்பட்டதாக இருக்கும். ஆகவே, கோயிலின் காலத்தைக் கேட்பதைவிட, எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்று கேட்டுப் பழக வேண்டும். படிப்போ கருவியோ பெரிதாக வேண்டாம். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

கோபுரத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நேரே உள்ளே சென்று, வழிபாட்டை முடித்துக்கொண்டு, கருவறையின் வெளிச்சுவரை வலமாகச் சுற்றி வாருங்கள். கோயில்கள் கருவறையில் தொடங்கி வெளியே விரிந்தவை என்பதால், பழமை மிகுந்த பகுதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அம்மனுக்குத் தனிச் சன்னதி எடுக்கும் வழக்கம் சோழர் காலத்தின் பிற்பகுதியில்தான் பரவியது என்பதால், அம்மன் சன்னதி பெரும்பாலும் சுவாமி சன்னதிக்குப் பிற்பட்டது. நடை திறந்தவுடன் சென்றால் காலை வெயில் சுவரின் மீது சாய்வாக விழுந்து, தேய்ந்த எழுத்தையும் செதுக்கலையும் எடுத்துக் காட்டும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும், நண்பகலில் நடையும் சாத்திவிடுவார்கள். குறிப்பேடு, பென்சில், கைவிளக்கு, சிறிய தொலைநோக்கி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கைவிளக்கை நேராகப் பிடிக்காமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்.

முதலில் குனிந்து, சுவரைத் தாங்கும் அடிப்பீடமான அதிட்டானத்தைப் பாருங்கள். கீழே அகலமான ஜகதி, அதன் மேல் குமுதம், அதற்கும் மேல் உள்ளடங்கிய கண்டம், பிறகு பட்டிகை என்று கல்வரிசைகள் அடுக்கப்பட்டிருக்கும். குமுதம் பட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் பாதபந்த அதிட்டானம். உருண்ட குமுதமும் அதன் மேல் யாளி வரியும் இருந்தால் பிரதிபந்த அதிட்டானம். இவ்விரண்டும் வகைகளே என்பதால், இவற்றை மட்டும் கொண்டு காலத்தைச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் வரிசைகள் குறைவாகவும் கல் பரப்பு வெறுமையாகவும் இருப்பது பொதுவாகப் பழமையைக் காட்டும். தாமரை இதழ்களும் கொடிகளும் பெருகி, அதிட்டானத்திற்கும் கீழே உபபீடம் என்ற கூடுதல் பீடமும் சேர்ந்து உயர்ந்து நிற்பது பெரும்பாலும் பிற்காலப் பணி.

அடுத்து சுவர். அரைத்தூண்களுக்கு இடையே தெய்வ உருவம் நிற்கும் கோட்டங்கள் இருக்கும். கோட்டத்திற்கும் அரைத்தூணுக்கும் நடுவில், ஒரு குடத்திலிருந்து சிறு தூண் எழுந்து மேலே சிறு மாடத்தைத் தாங்குவது போன்ற கும்பபஞ்சரம் காணப்பட்டால், அந்தச் சுவரைப் பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டிற்குப் பிந்தையது என்று கொள்ளலாம்.

எனினும், எனக்குப் பெரிதும் கைகொடுத்தது போதிகைதான். தூணின் தலைக்கும் உத்தரத்திற்கும் இடையே கை நீட்டியது போல் நிற்கும் கல் அது. முற்காலத்தில் அதன் முகத்தில் அலை அலையாக வரி இருக்கும். இது தரங்கப் போதிகை. சோழர் காலத்தில் அலை மறைந்து, சாய்வாக வெட்டிய முகமும் நடுவில் சிறு முனைப்புமாக மாறியது. இது வெட்டுப் போதிகை. 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணிகளில் அந்த முனை மொட்டுவிடத் தொடங்குகிறது. விஜயநகர, நாயக்கர் காலத்திலோ அது முழுமையாகத் தொங்கும் பூமுனையாக வளர்ந்துவிட்டது. தூணின் அடிச்சதுரத்தின் மூலைகளையும் பாருங்கள். அங்கே பாம்புப் படம் போன்ற நாகபந்தம் இருந்தால், அந்தத் தூண் பிற்காலத்தது. ஒரே மண்டபத்தில் இரண்டு வகைப் போதிகைகளைக் கண்டால், அங்கே இடிபாடும் மறுகட்டுமானமும் நடந்திருக்கின்றன என்று குறித்துக்கொள்ளலாம்.

கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் தலைப்பகுதியான சிகரம் சதுரமானால் நாகரம், வட்டமானால் வேசரம், எண்கோணமானால் திராவிடம் என்று நம் சிற்ப மரபு வகுக்கிறது. இதுவும் வகையைச் சொல்லுமே அன்றிக் காலத்தைச் சொல்லாது.

கல்வெட்டு இருந்தால், எழுத்தின் வடிவத்தை முதலில் கவனியுங்கள். பாண்டிய நாட்டின் பழைய கல்வெட்டுகள், தமிழை எழுதப் பயன்பட்ட வளைந்த பழைய எழுத்தான வட்டெழுத்தில் உள்ளன. சோழர் ஆட்சி வந்த பின், 11ஆம் நூற்றாண்டிலிருந்து, தமிழ் எழுத்து அதன் இடத்தைப் பிடித்தது. தமிழ் எழுத்துக் கல்வெட்டின் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழ் பாடும் தொடக்க வரிகள், 'திருமகள் போல' என்று தொடங்கினால் முதலாம் இராசராசன். 'திருமன்னி வளர' என்றால் முதலாம் இராசேந்திரன். 'பூமருவிய திருமடந்தை' என்றால் 1216இல் பட்டமேறிய முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன். பாண்டியர் கல்வெட்டுகளில் இத்தனையாவது ஆண்டின் 'எதிராவது' இத்தனை என்று வருமிடத்தில், இரண்டு எண்களையும் கூட்டினால் ஆட்சியாண்டு கிடைக்கும். இச்சீமைக்கே உரிய இன்னொரு வசதி கொல்லம் ஆண்டு: அதனுடன் 825ஐக் கூட்டினால், மாதத்தைப் பொறுத்து ஓராண்டு முன்பின்னாக, கிறித்தவ ஆண்டு வந்துவிடும். சக ஆண்டாக இருந்தால் 78ஐக் கூட்ட வேண்டும்.

ஆனால் கல்வெட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. தொடக்க காலத்தில் நான் ஒரு மண்டபத்தை, அதன் சுவரில் சோழர் மெய்க்கீர்த்தி இருந்த ஒரே காரணத்தால், சோழர் பணி என்று எழுதி வைத்தேன். மறுமுறை சென்றபோதுதான் அந்தக் கல் தலைகீழாக வைத்துக் கட்டப்பட்டிருந்ததையும், வரிகள் அடுத்த கல்லில் தொடராமல் அறுந்து நின்றதையும் கவனித்தேன். இடிந்த பழைய கட்டடத்தின் கல்லைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். அன்றிலிருந்து, வரி அடுத்த கல்லுக்குத் தொடர்கிறதா என்று பார்க்காமல் நான் எதையும் குறித்துக்கொள்வதில்லை.

பயிற்சிக்குக் கழுகுமலையிலிருந்து தொடங்குவது நல்லது. இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தாலும் பழைய நெல்லைச் சீமையைச் சேர்ந்ததே. அங்குள்ள வெட்டுவான் கோயில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. மலைப்பாறையைச் சுற்றிலும் ஏறத்தாழ 25 அடி ஆழத்திற்கு வெட்டி இறக்கி, நடுவில் நின்ற ஒற்றைக் கல்லையே விமானமாகச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலைப் போலவே இங்கும் வேலை சிகரத்திலிருந்து கீழ்நோக்கி நடந்துள்ளது. மேற்பகுதி, மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி உட்பட, மெருகோடு முடிந்திருக்க, கீழ்ப்பகுதி உளித்தடத்தோடு அப்படியே நின்றுவிட்டது. முடிந்த கோயில் மறைத்துவிடும் வேலை முறையை முடியாத இந்தக் கோயில் காட்டுவதால், மேலிருந்து கீழாக ஒவ்வொரு படியிலும் எவ்வளவு வேலை மிச்சம் என்று படம் வரைந்து பாருங்கள். ஒரு காலைப்பொழுது முழுவதும் அதற்கே செலவாகட்டும். அதே மலையின் சமணச் சிற்பங்களும் அவற்றின் கீழுள்ள வட்டெழுத்து வரிகளும் எழுத்துப் பயிற்சிக்கு உகந்தவை.

அடுத்து அம்பாசமுத்திரம் பக்கம். திருவாலீஸ்வரத்தில் சோழர் கலையை அதன் இளமையிலேயே காணலாம். விமானத்தின் முதல் தளத்தில் வரிசையாக நிற்கும் சிவ வடிவங்களுக்காகத்தான் தொலைநோக்கியை எடுத்து வரச் சொன்னேன். மூன்றுகை மகாசேனை என்ற சோழர் படை இக்கோயிலையும் அதன் உடைமைகளையும் தன் காவலில் ஏற்றதைச் சொல்லும் கல்வெட்டும் இங்குண்டு. அருகிலுள்ள மன்னார்கோயில், சேர மன்னன் இராசசிம்மன் எடுத்து, இராசேந்திர சோழ விண்ணகரம் என்று சோழன் பெயரைச் சூட்டியது. பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தர, ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று கருவறைகள் அமைந்த விமானம் அது. பாண்டிய மண்ணில் சோழன் பெயரால் சேரன் எழுப்பிய கோயில் என்பதால், எந்தக் கோயிலையும் ஓர் அரசமரபின் பெயருக்குள் அடைத்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தென்காசியில் கோபுரத்தைப் படிக்கலாம். காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைப் பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கினான். கோபுரம் 1924இல் தீக்கு இரையாகிப் பல பத்தாண்டுகள் மொட்டையாக நின்றது. 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. ஆகவே கீழேயுள்ள கல்லும் மேலேயுள்ள நிலைகளும் ஐந்து நூற்றாண்டுகளால் பிரிந்தவை. இரண்டையும் ஒரே காலமாக எழுதிவிடாதீர்கள். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதேனும் குறை நேர்ந்தால் அதைத் திருத்துபவரை இப்போதே பணிகிறேன் என்று அந்த அரசன் பாடலாகவே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அதைத் தேடிப் படியுங்கள்.

நாயக்கர் காலத் தூண்களுக்குக் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலும் நெல்லையப்பர் கோயிலும் போதும். கிருஷ்ணாபுரத்தில் தூணும் உருவமும் ஒரே கல்; குறவன், கர்ணன், அர்ச்சுனன் ஆகிய உருவங்களின் நகமும் நரம்பும் தெரியும்படி செதுக்கியிருக்கிறார்கள். நெல்லையப்பர் கோயிலின் சங்கிலி மண்டபம் 1647இல் வடமலையப்ப பிள்ளை கட்டியது. சுவாமி கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் அதுவே இணைக்கிறது. மணி மண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்காதீர்கள். கல் தேய்வதற்கும் விரிசல் விடுவதற்கும் அதுவே காரணமாகிவிடும்.

மரமும் வண்ணமும் காண, திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்நிலைகளுக்கும் குற்றாலம் சித்திர சபைக்கும் செல்லலாம். திருப்புடைமருதூரில் மேலே ஏறக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஓவியச் சுவரில் கையோ முதுகோ படக் கூடாது, ஒளிவெட்டும் விளக்கோடு படம் எடுக்கவும் கூடாது. எந்தக் கோயிலிலும் எழுத்து தெளியட்டும் என்று மாவோ சுண்ணக்கட்டியோ தேய்க்காதீர்கள்.

உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கப் போவதாகத் தெரிந்தால், பாலாலயம், அதாவது திருப்பணிக் காலத்தில் தெய்வத்தைத் தற்காலிக இடத்திற்கு மாற்றும் சடங்கு, நடப்பதற்கு முன்பே சென்று, அதிட்டானத்தின் நான்கு பக்கங்களையும் கல்வரிசை விடாமல் படம் எடுத்து, எந்தப் படம் எந்தத் திசைக்கு உரியது என்று எழுதி வையுங்கள். தரையை உயர்த்தித் தளக்கல் பதிக்கும்போது முதலில் மறைவது ஜகதியும் அதன் மேலுள்ள எழுத்தும்தான்.