பழைய ஓரங்குல வரைபடத்தில் ஊர்க்குளத்தைப் பிடிப்பது

கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருந்துகொண்டு வன்னியில் உள்ள ஊரைத் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: நீல நிறத்தைத் தேடாதீர்கள், குளக்கட்டைத் தேடுங்கள்.

வேண்டியது ஓரங்குலத் தாள். மைலுக்கு ஓர் அங்குலம், 1:63,360. முழு இலங்கைக்கும் 72 தாள்கள். நாரஹேன்பிட்டி கிருல வீதியில் நில அளவைத் திணைக்களத்தில் கேட்டுப் பாருங்கள்.

தாள் கிடைத்ததும் ஓரத்தை வாசியுங்கள். அளந்த ஆண்டு வேறு, அச்சிட்ட ஆண்டு வேறு. அளந்த ஆண்டில் ஊர் எப்படி இருந்ததோ அதுதான் தாளில் இருக்கிறது.

கொப்பி எடுத்தால் கவனம். எனக்குக் கடைக்காரர் கடதாசிக்கு அடங்கச் சுருக்கி எடுத்துத் தந்துவிட்டார். அடிமட்டம் வைத்து அளந்து, "பள்ளிக்கூடம் இரண்டு மைல்தானே" என்றேன். பெரியம்மாவுக்குக் கோபம். "ஒரு மணித்தியாலத்துக்கு மேல நடந்தனாங்கள், தம்பி!" அதன்பிறகு அடிமட்டத்தை விட்டுவிட்டேன். தாளின் அடியில் அச்சிட்ட அளவுகோட்டின் நீளத்தை ஒரு கடதாசித் துண்டில் குறித்து, அதாலேயே அளக்கிறேன். படம் சுருங்கினால் அந்தக் கோடும் சேர்ந்து சுருங்கும்.

இனிக் குளம். ஒரு பக்கம் நேராகவோ வில்லைப் போல வளைந்தோ கிடந்தால் அது கட்டு. எதிர்ப்பக்கம் விரல் விரலாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு விரலும் தண்ணீர் வந்து சேரும் ஓடை. கட்டுக்கு வெளியே பள்ளம், அங்கேதான் வயல். வாய்க்கால் புறப்படும் இடத்தில் துரிசு, அதாவது தண்ணீரைத் திறந்துவிடும் மதகு. மிச்சத் தண்ணீர் வெளியேறி ஆற்றுக்குப் போகும் இடம் வான், பெரும்பாலும் கட்டின் ஒரு முனையில். உயரக் கோடுகளை நம்பவேண்டாம். வன்னி மண் தட்டை, தாளில் இரண்டொரு கோடுதான் ஓடும். நீலமும் குளம் நிரம்பிய நேரத்து எல்லை. ஆவணியில் போய்ப் பார்த்தால் அதில் பாதியில் மாடு மேயும்.

பெயர்களைச் சத்தமாக வாசியுங்கள். ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடந்தாலும் குளம், மடு, மோட்டை என்ற முடிவுகள் காதில் விழும். சில பெயர்கள் அதற்கும் அகப்படா: மன்னார்க் கட்டுக்கரைக்குளம் ஆங்கிலத்தில் 'ஜயன்ட்ஸ் டாங்க்'.

எங்கள் தாளில் ஒரே பெயரில் இரண்டு குளங்கள். பெரியம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்: "கட்டில ஏறிக் குளத்தைப் பார்த்து நிண்டா, வான் எந்தக் கைப்பக்கம்?"

யோசிக்கவே இல்லை. சோற்றுக்கையைத் தூக்கிக் காட்டினா. தாளில் வான் அந்தப் பக்கம் இருந்தது மேற்கே இருந்த குளத்துக்குத்தான். அதைப் பென்சிலால் வட்டமிட்டேன்.