"கதை எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள்

மர்மக் கதை படித்து முடித்த பிள்ளையிடம் இப்படிக் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பாதிப் புத்தகம் தாண்டும்போதே, குற்றவாளி யார் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மடித்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே கதையைப் படித்தால் இன்னும் நல்லது. எல்லாரும் முடித்த பிறகு சீட்டுகளைப் பிரியுங்கள். யார் சரி என்பது பெரிய விஷயமில்லை, "எந்தப் பக்கத்தில் சந்தேகம் வந்தது?" என்று கேளுங்கள். புத்தகத்தைப் புரட்டி, துப்பு இருந்த வரியைக் காட்டிச் சண்டையே போடுவார்கள். அந்தச் சண்டையில்தான் அவர்களுடைய உண்மையான கருத்து வெளிவரும். ஆசிரியர் துப்பே தராமல் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு பிள்ளை கோபப்பட்டால், அது அருமையான விமர்சனம். தடுக்காதீர்கள்.

சாகசக் கதை என்றால் வரைபடம் வரையச் சொல்லலாம். 1881-இல் எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் தன் மனைவியின் மகனோடு பொழுதுபோக்காக ஒரு தீவின் படம் வரைந்தார்; 'புதையல் தீவு' நாவல் அதிலிருந்துதான் வளர்ந்தது. வரைந்து முடித்ததும், "இதில் எந்த இடத்தில் உனக்குப் பயமாக இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம், முடிவை நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.