ஓட்டல் எக்ஸாஸ்ட்டோடு வெளியேறும் குளிர்ச்சியைத் திரும்பப் பிடிப்பது எப்படி: சென்னைக் கணக்கு

குளியலறை எக்ஸாஸ்ட் வழியாக 24 டிகிரி காற்று இரவும் பகலும் மொட்டை மாடியில் வெளியே போகிறது. பக்கத்திலேயே டிஎஃப்ஏ யூனிட் (அறைகளுக்குப் புதுக்காற்றைப் பதப்படுத்தி அனுப்பும் இயந்திரம்) 35 டிகிரி வெளிக்காற்றை இழுத்துக் குளிரவைக்கிறது. நடுவில் ஒரு என்தால்பி வீல், அதாவது வெப்பத்தையும் ஈரத்தையும் ஒரு காற்றிலிருந்து மற்றதுக்குக் கடத்தும் சுழல் சக்கரம், வைத்தால் போகிற காற்று வருகிற காற்றைக் குளிர்விக்கும், அதன் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும்.

100 அறை ஓட்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறைக்கு 60 சி.எஃப்.எம் (நிமிடத்துக்குக் கன அடி) புதுக்காற்று, 50 சி.எஃப்.எம் எக்ஸாஸ்ட். வெளியே 35 டிகிரி, வெட் பல்ப் (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை) 28. அறையில் 24 டிகிரி, 55 சதவீத ஈரப்பதம். இரண்டு காற்றுக்கும் உள்ள வெப்ப ஆற்றல் வித்தியாசம் கிலோவுக்குச் சுமார் 39 கிலோஜூல். அதில் வெப்பநிலையின் பங்கு 11தான், மீதியெல்லாம் ஈரம். அதனால்தான் அலுமினியத் தகடு எக்ஸ்சேஞ்சரும் ரன்-அரவுண்ட் காயிலும் (இரண்டு டக்டுகளிலும் உள்ள காயில்களுக்கிடையே தண்ணீரைச் சுற்றவிடும் முறை) சென்னைக்குப் போதாது. ஈரத்தை அவை கடத்துவதில்லை. மாலிகுலர் சீவ் என்ற ஈரம் உறிஞ்சும் பொருள் பூசிய வீலைக் கேளுங்கள். 70 சதவீதத் திறனில் உச்ச வெயில் நேரத்தில் 20 டன் ஏ.சி. குளிர்ச்சி அளவுக்கு மிச்சமாகும். டன்னுக்கு 0.8 கிலோவாட் என்றால் 16 கிலோவாட். வீலின் தடையைத் தாண்ட விசிறிகள் கூடுதலாக இழுப்பது 2 கிலோவாட் அளவுதான்.

வீல் வாங்கும் முன், குளியலறைக் காற்று மாடிக்கு ஏறிவரும் ஷாஃப்டைச் சோதியுங்கள். பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு குளியலறை கிரில்லிலும் காற்றை அளந்து கூட்டுங்கள். மாடி விசிறியிலும் அளந்து பாருங்கள். விசிறியில் 5000, கிரில்களில் 3000 என்று வந்தால், மீதி 2000 செங்கல் ஷாஃப்டின் விரிசல்களிலும் மூடாத குழாய்த் துளைகளிலும் நுழைந்த சூடான காற்று. எவ்வளவு நல்ல வீலானாலும் அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. ஷாஃப்டுக்குள் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) டக்ட் இறக்கி மூட்டுகளை சீலன்ட்டால் அடையுங்கள்.

சமையலறை எக்ஸாஸ்ட்டை இதில் சேர்க்கவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பூச்சை அடைத்துவிடும்.

குளியலறை வாடை புதுக்காற்றில் கலக்காமலிருக்க பர்ஜ் செக்டார் (வீலில் தங்கிய எக்ஸாஸ்ட் காற்றைப் புதுக்காற்றால் தள்ளிவிடும் சிறு பகுதி) அவசியம். அது வேலை செய்ய, வீலருகே புதுக்காற்றுப் பக்கத்து அழுத்தம் எக்ஸாஸ்ட் பக்கத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். இரண்டு விசிறிகளையும் காற்று வீலைத் தாண்டி வரும் பக்கத்தில் வைத்து, எக்ஸாஸ்ட் டக்டில் வீலுக்கு முன் ஒரு டேம்பரை (காற்றைக் கட்டுப்படுத்தும் தடுப்பு) கொஞ்சம் மூடி இந்த வித்தியாசத்தை உண்டாக்கலாம். அறைக்குள் வருகிற காற்று வெளியேறுவதைவிட அதிகமாகவே இருக்கட்டும். குறைந்தால் ஜன்னல் இடுக்குகளில் ஈரக்காற்று நுழைந்து வால்பேப்பருக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும்.

ஃபில்டர் இரண்டு பக்கமும் வேண்டும். துண்டு, படுக்கை விரிப்புகளின் பஞ்சு எக்ஸாஸ்ட்டோடு வருவதால் அந்தப் பக்கம்தான் சீக்கிரம் அடைக்கும். கடற்கரையை ஒட்டிய கட்டடமானால் உப்பு அரிப்பைத் தாங்கும் எபாக்சி பூச்சும் கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது வீலைத் தாண்டிய புதுக்காற்று 28, 29 டிகிரிக்கு வர வேண்டும். ஆனால் வெறும் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். பெல்ட் வழுக்கி, நிமிடத்துக்கு 20 சுற்று என்பது குறைந்தால் முதலில் விழுவது ஈரத்தைக் கடத்தும் திறன். வெப்பநிலை அப்போதும் ஓரளவு சரியாகவே காட்டும். வெட் பல்ப்பையும் சேர்த்து மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். அது ஏறத் தொடங்கினால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள், பிறகு விளிம்பு பிரஷ் சீலை.