வக்காலத்துல கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி: ஃபேமிலி, சிவில் கேஸ் எடுக்கறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனியர் வக்கீல் ஆபீஸ்ல இருந்து வெளிய வந்து கோபியிலயோ பெருந்துறையிலயோ தாராபுரத்துலயோ சொந்தமா போர்டு மாட்டி உக்கார்ற தம்பி தங்கச்சிகளுக்குத்தான் இத எழுதறேன். ஆரம்பத்துல வர்ற கேஸ எல்லாம் எடுத்துரணும்னுதான் தோணும், வாடகை இருக்கு, குமாஸ்தா சம்பளம் இருக்கு, எல்லாம் புரியுதுங்க. ஆனா நம்ம பக்கம் வர்றதுல முக்காவாசி குடும்ப கேஸும் சொத்து கேஸும்தான், ரெண்டுலயும் எதிர்ல நிக்கறது யாரோ ஒருத்தர் இல்ல, கட்டுன பொண்டாட்டி, கூடப்பொறந்தவ, பங்காளி, பக்கத்து தோட்டத்துக்காரர். இட்டேரித் தடத்துக்குன்னு, அதான் தோட்டத்துக்குப் போற வேலியோர வண்டிப்பாதைக்குன்னு, போட்ட ஒரு தாவா (சிவில் வழக்கு) ரெண்டு தலைமுறைக்கு பேச்சுவார்த்தை இல்லாம பண்ணிரும். அதனால கேஸ எப்படி நடத்தறதுங்கறதுக்கு முன்னாடி எத எடுக்கறதுன்னு பழகிக்கணும்.

பெரிய தவறுன்னா எனக்குப் படறது, ஆளப் பாத்து வேண்டாம்னு சொல்றது. "நான் நேர்மையான வக்கீல், நல்லவங்களுக்கு மட்டும்தான் ஆஜராவேன்"னு சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா யாரு நல்லவங்கன்னு முதல் அரை மணி நேரத்துல நமக்கு எப்படித் தெரியும்? அம்மாகிட்ட தான செட்டில்மெண்ட் எழுதி வாங்கிட்டு அப்பறம் சோறு போடாம விட்ட பையன் வந்து உக்கார்றான்னு வைங்க. 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23வது பிரிவுல அந்தப் பத்திரத்த ரத்து பண்ண அம்மா மனு போட்டிருக்காங்க, இவன் நோட்டீஸோட வர்றான். அவனுக்கும் ஒரு வக்கீல் வேணும்ங்க. பத்திரத்த முழுசாப் படிச்சு, "கவனிச்சுக்கணும்னு இதுல நிபந்தனை இருக்கு, சண்டை போட்டா நிலம் போயிரும், முதல்ல அம்மாவப் போயிப் பாரு, மாசாமாசம் என்ன குடுப்பேன்னு எழுதிக் குடு"ன்னு அவன்கிட்ட எடுத்துச் சொல்ல அவனோட வக்கீலாலதான் முடியும். பார் கவுன்சில் விதியும் நம்ம தகுதிக்கேத்த ஃபீஸ் குடுத்தா கேஸ எடுக்கணும்னுதான் சொல்லுது, விசேஷமான காரணம் இருந்தா மட்டும்தான் மறுக்கலாம். இதுல நம்ம ஊருக்கே ஒரு தீர்ப்பு இருக்கு. கோயம்புத்தூர்ல போலீசுக்கும் வக்கீல்களுக்கும் தகராறு வந்தப்ப, அந்த போலீஸ்காரங்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாதுன்னு வக்கீல் சங்கத்துல தீர்மானம் போட்டாங்க, ஏ.எஸ். முகமது ரஃபி வழக்குல 2010 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அந்த மாதிரி தீர்மானம் எதுவும் செல்லாது, தொழில் தர்மத்துக்கே விரோதம்னு சொல்லிருச்சு. புதுசா வர்ற ஒவ்வொருத்தரும் அத ஒருக்கா படிச்சுரணும்.

அப்ப எத மறுக்கறது? அவங்க என்ன வழியில போகச் சொல்றாங்கங்கறதத்தான். தப்பு பண்ணுனவனுக்கு ஆஜராகலாம், பொய்ய தாக்கல் பண்ணித் தரக் கூடாது.

சொத்து கேஸ்ல இது எப்படி வரும்னு சொல்றேன். பொறந்தவளுக்குப் பங்கு குடுக்க மனசில்லாத அண்ணன் தம்பி ரெண்டு பேரு வருவாங்க. பூர்வீக சொத்துல பொண்ணுக்கும் சம பங்குன்னு இந்து வாரிசுரிமைச் சட்டத்துல வந்த 2005 திருத்தம் பத்தி அரைகுறையாக் கேள்விப்பட்டிருப்பாங்க, 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே பாகம் ஆகியிருந்தா தப்பிச்சுக்கலாம்னு யாரோ டாக்குமெண்ட் ரைட்டர் சொல்லியிருப்பாரு. மஞ்சப்பையில இருந்து ஒரு கூர்ச்சீட்ட, அதான் பதிவு பண்ணாத பாகப்பிரிவினைச் சீட்ட, எடுத்து வெப்பாங்க. தேதி 2002. பேப்பரும் பழுப்பாத்தான் இருக்கும், அப்பா கைநாட்டு, சாட்சி ரெண்டு பேரு, ரெண்டு பேருமே இப்ப உயிரோட இல்ல. கீழ சொத்து விவரத்தப் படிச்சீங்கன்னா "திருப்பூர் மாவட்டம், தாராபுரம் வட்டம்"னு போட்டிருக்கும். திருப்பூர் மாவட்டமே 2009லதான் வந்துச்சு, 2002ல தாராபுரம் ஈரோடு மாவட்டத்துல இருந்துச்சு. இந்த ஒரு வரியிலயே தெரிஞ்சிருச்சு, அப்பறமும் அந்தப் பேப்பர வெச்சு பதிலுரை தயார் பண்ணுனா அந்தப் பொய்க்கு நாமளும் கூட்டாளி. பேப்பர் உண்மையானதா இருந்தாலுமே பதிவு இல்லாத பாகத்தையோ வாய்ப்பேச்சுல பிரிச்சதையோ கோர்ட் லேசுல ஏத்துக்காதுன்னு 2020ல உச்ச நீதிமன்றத்தோட வினீதா சர்மா தீர்ப்புலயே சொல்லியாச்சு. "அந்தப் பேப்பர் இல்லாம வாங்க, தங்கச்சிக்கு என்ன பங்கு வருதுன்னு கணக்குப் போடுவோம், நிலமா குடுக்கறதா பணமா குடுக்கறதான்னு பேசி, பங்க விட்டுக்குடுத்து எழுதற விடுதலைப் பத்திரத்துல முடிக்கப் பாப்போம்"னு சொல்லிப் பாருங்க. ஒத்துக்கிட்டா அவங்க உங்க கட்சிக்காரங்க (கிளையண்ட்). இல்லேன்னா பைய எடுத்துட்டுப் போகட்டும்.

அடுத்தது, பேசறவர கட்சிக்காரர்னு நெனச்சுக்கறது. நம்ம பக்கம் விவாகரத்துன்னு வந்தா பொண்ணு தனியா வர்றது அபூர்வம், அப்பா, பெரியப்பா, தாய்மாமன், ஊர்ல நாலு பேருக்குப் பஞ்சாயத்து பேசற ஒருத்தர்னு ஒரு காரு நெறைய ஒறம்பரை வந்து எறங்கும். சீர் எத்தனை பவுன், காரு யார் பேர்ல, மாமியா என்ன சொன்னா எல்லாத்தையும் தாய்மாமனே சொல்லிருவாரு, அந்தப் புள்ள ஓரத்துச் சேர்ல போன கையில வெச்சுட்டு தரையப் பாத்துட்டே உக்காந்திருக்கும். ஃபீஸும் மாமன்தான் எடுத்து வெப்பாரு. இங்கதான் நெறைய ஜூனியருங்க அவரு சொன்னத அப்படியே மனுவா டைப் பண்ணிடறாங்க. தயவு செஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. "மாமா, கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க, நான் அம்மிணிகிட்ட தனியாப் பேசணும்"னு சொல்லுங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். தனியாப் பேசுனாதான், "எனக்கு அவருகூட வாழறதுக்கு இஷ்டம்தானுங்க்கா, தனிக்குடித்தனம் வந்தாப் போதும்"கறது வெளிய வரும். இல்லேன்னா நாலு பேர் முன்னாடி வாய் தொறந்து சொல்ல முடியாத அடி உதை வெளிய வரும், அப்ப அந்தக் கேஸோட அவசரமே வேற, குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு உத்தரவுக்கு முதல்ல ஓடணும். பணம் யார் குடுத்தாலும் முடிவு சொல்ல வேண்டியது கையெழுத்துப் போடறவங்கதான், இத முதல் நாளே மாமன்கிட்டயும் சொல்லிருங்க.

கட்சிக்காரர் கோவத்துல சொல்றத எல்லாம் மனுவுல ஏத்தறதும் ஒரு தவறு. "அவ நடத்தை சரியில்லைன்னு போடுங்க சார், அப்பத்தான் ஜீவனாம்சம் கொறையும்"னு கேக்கற புருசன்மாருக ஏராளம். ஆதாரம் என்னன்னு கேட்டா ஒண்ணும் இருக்காது. 2003ல விஜயகுமார் பாட்டே வழக்குல, புருசன் பதிலுரையில பொண்டாட்டி ஒழுக்கத்தப் பத்தி போட்ட ஆதாரமில்லாத குற்றச்சாட்டே மனக்கொடுமை ஆகும், அத வெச்சே பொண்டாட்டி விவாகரத்து வாங்கலாம், பின்னாடி அத நீக்குனாலும் போட்டது போட்டதுதான்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆக, அவர் கேட்டத எழுதிக் குடுத்தா அவர் கேஸயே நாம தோக்கடிக்கறோம். அதுபோக, அந்த மனுவ அவங்க கொழந்தை ஒரு நாள் படிக்கும்ங்க, அத நெனச்சுப் பாத்துட்டு எழுதுங்க. இதே அளவுகோல் பொண்ணு வீட்டுக்கும்தான், வெளியூர்ல கட்டிக்குடுத்த நாத்தனார், வயசான பாட்டி எல்லார் பேரையும் வரதட்சணைப் புகார்ல சேருங்கன்னு சொன்னா, யாரு எந்தத் தேதியில என்ன பண்ணுனாங்கன்னு ஒவ்வொரு பேரா கேளுங்க, பதில் இல்லாத பேர எடுத்துருங்க. உண்மையிலயே கொடுமைக்காரன் ஒருத்தன் இருந்தா இந்தக் கும்பல்ல அவன்தான் தப்பிச்சுக்குவான்.

நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி தோட்டத்த அம்மா பேருக்கு மாத்திரலாமா, பனியன் கம்பெனி பங்க தம்பி பேருக்கு எழுதிரலாமான்னு கேட்டுட்டு வருவாங்க. வேண்டாம்னு நேரா சொல்லுங்க. ராஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு 2020ல வந்ததுக்கப்பறம் ஜீவனாம்ச கேஸ்ல ரெண்டு பேருமே சொத்து, கடன், வருமானம் எல்லாத்துக்கும் பிரமாணப் பத்திரம் தாக்கல் பண்ணியாகணும், வில்லங்கம் போட்டுப் பாத்தா கேஸுக்கு பத்து நாள் முன்னாடி நடந்த செட்டில்மெண்ட் பளிச்சுன்னு தெரியும்.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டோம், ஒரே வக்கீல் போதும்"னு புருசன் பொண்டாட்டி சேந்து வந்தா சந்தோசமாத்தான் இருக்கும். ஆனா பரஸ்பர சம்மதம்னாலும் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுல மனு போட்டு ரெண்டாவது தடவை ஆஜராகறதுக்கு சாதாரணமா ஆறு மாசம் இருக்கு, 2017ல அமர்தீப் சிங் தீர்ப்புக்கு அப்பறம் தகுதி இருந்தா அந்த ஆறு மாசக் காத்திருப்ப விலக்கித் தரச் சொல்லிக் கேக்கலாம், அவ்வளவுதான். அதுக்குள்ள நகைக் கணக்குல மனசு மாறுனா நீங்க யாருக்கும் ஆஜராக முடியாது, ரெண்டு பக்க ரகசியமும் உங்ககிட்ட இருக்கும். ஆளுக்கு ஒரு வக்கீல் வெச்சுக்கச் சொல்லிருங்க. சின்ன ஊர்ல ஒரு நோட்டுப் போட்டு, வந்து யோசனை கேட்டவங்க பேரு, எதிர்த்தரப்பு பேரு ரெண்டையும் எழுதி வெக்கறதும் நல்லது, ஏன்னா ஒருத்தருக்கு யோசனை சொல்லிட்டு அதே விசயத்துல எதிர்த்தரப்புக்கு ஆஜராகறது விதிப்படி ஆகாது.

ஃபீஸ் விசயம் சுருக்கமா. "ஜெயிச்சா அம்பது சென்ட் எழுதி வெக்கறனுங்க"ன்னு சொன்னா மறுத்துருங்க, கேஸ் முடிவப் பொறுத்து ஃபீஸ் பேசறதும் சொத்துல பங்கு வாங்கறதும் விதியில இல்ல. ஃபீஸ் பாக்கி இருக்குன்னு கேஸ் கட்டப் புடிச்சு வெச்சுக்கவும் முடியாது, 2000த்துலயே ஆர்.டி. சக்சேனா வழக்குல அது முடிஞ்சு போச்சு.

கடைசியா, மறுக்கற விதம். வேண்டாம்னு மனசுல முடிவு பண்ணிட்டு "பாக்கலாம், அடுத்த வாரம் வாங்க"ன்னு இழுக்கறது, எடுக்கறதவிட மோசம். சம்மன் கைக்கு வந்து சேந்த நாள்ல இருந்து பதிலுரைக்கு 30 நாள், போனாப் போகுதுன்னா 90 நாள், கிரய ஒப்பந்தத்த நிறைவேத்தச் சொல்லிப் போடற தாவாவுக்கு மூணு வருசம், இதெல்லாம் நமக்காக நிக்காது. அன்னிக்கே சொல்லுங்க, கெடு தேதி என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, மூலப்பத்திரம் பட்டா எல்லாத்தையும் எண்ணித் திருப்பிக் குடுத்து கையெழுத்து வாங்கிக்கங்க. பொண்ணா இருந்து கையில காசு இல்லைன்னா, வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே 1987 சட்டப்படி இலவச வக்கீல் கெடைக்கும்னு சொல்லி தாலுகா கோர்ட்டுல இருக்கற சட்டப்பணிகள் குழுவுக்கு அனுப்பிருங்க, 15100 நம்பரையும் எழுதிக் குடுங்க.